பட்டை உரியாத சாட்சி: லெ ருவா லாதூரியின் தட்பவெப்ப வரலாற்றை மரங்களோடு வைத்து வாசித்தல்

பிரெஞ்சு வரலாற்றாசிரியர் எம்மானுவல் லெ ருவா லாதூரி 1967-ல் வெளியிட்ட நூலின் தலைப்பைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: ‘ஆயிரமாவது ஆண்டிலிருந்து தட்பவெப்பத்தின் வரலாறு’. அவ்வளவுதான். அரசு அறிக்கைக்கு வைக்கிற மாதிரி ஒரு தலைப்பு. 1971-ல் பார்பரா பிரேயின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபோது ‘விருந்தின் காலங்கள், பஞ்சத்தின் காலங்கள்’ என்று முகப்பில் ஏறிவிட்டது. பழைய தலைப்பு துணைத்தலைப்பாகக் கீழே இறங்கியது. பதிப்பாளருக்குப் புத்தகம் விற்கணும், புரிகிறது. ஆனால் விருந்துக்கும் பஞ்சத்துக்கும் தட்பவெப்பத்தை அவசரப்பட்டுக் கைகாட்டாதீர்கள், அதற்கான ஆதாரம் இன்னும் நம்மிடம் இல்லை என்று பக்கம் பக்கமாக மன்றாடுகிற புத்தகம் இது. நீண்டகால நோக்கில் தட்பவெப்பம் மனித வாழ்வில் உண்டாக்கிய விளைவு சிறியது, ஒருவேளை பொருட்படுத்தத் தேவையில்லாதது, எப்படியும் கண்டறியக் கடினமானது என்கிற இடத்தில்தான் அது போய் முடிகிறது. அட்டை ஒன்று சொல்ல, உள்ளே வேறொன்று.

இதை இப்போது எடுத்துப் பேச ஒரு காரணம் இருக்கிறது. காலநிலை பற்றி எழுதுகிற கதைகள், கட்டுரைகள், முகநூல் இழைகள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான சங்கிலி ஓடுகிறது. மழை பொய்த்தது, பேரரசு சரிந்தது. குளிர் கூடியது, புரட்சி வந்தது. எரிமலை வெடித்தது, இலக்கியம் பிறந்தது. படிக்கும்போது ‘அட!’ என்று இருக்கும். இரண்டாம் முறை யோசித்தால் நடுவில் பத்துக் கண்ணிகள் காணாமல் போயிருப்பது தெரியும். லாதூரி இந்த வியாதியை அறுபது வருடத்துக்கு முன்பே பார்த்துவிட்டார். ஸ்வீடிஷ் பொருளாதார வரலாற்றாளர் குஸ்தாப் உட்டர்ஸ்ட்ரோம் 1955-ல் எழுதிய ஒரு கட்டுரையை அவர் விமர்சிக்கிற இடம் அதற்குச் சரியான உதாரணம். விளைச்சல் குறைந்தது, மக்கள்தொகை சரிந்தது. ஆகவே குளிர் அதிகமாக இருந்திருக்கும். குளிர் அதிகமாக இருந்தது. ஆகவே விளைச்சல் குறைந்தது. பாம்பு தன் வாலைத் தானே விழுங்குகிறது. அதனால் லாதூரி ஒரு விதி போட்டுக்கொள்கிறார்: முதலில் மனிதனை வெளியே நிறுத்து. தட்பவெப்பத்தின் வரலாற்றைத் தட்பவெப்பத்தின் தடயங்களை வைத்து மட்டும் எழுது. மனிதன் பிறகு வரட்டும்.

இந்த விதிதான் நூலின் பலம். அது எங்கே உடைகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உடைகிற இடம் பனியாறு.

*

முதலில் சொல் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் ‘பனி’ என்றால் நமக்கு மார்கழிப் புல்நுனியில் நிற்கிறதுதான் ஞாபகம் வரும். முன்பனி, பின்பனி எல்லாம் அந்தப் பனிதான். மலையில் பல நூறு அடி கனத்துக்கு இறுகிக் கிடந்து, தன் எடை தாங்காமல் பள்ளத்தாக்கு வழியே மெல்ல நகர்ந்து வருகிற பனிக்கட்டிக்கு நம்மிடம் பழைய சொல் இல்லை. செய்தித்தாள்கள் ‘பனிப்பாறை’ என்கின்றன. கடலில் மிதப்பதற்கும் அதே சொல். நான் ‘பனியாறு’ என்றே எழுதுகிறேன். அது நகரும் என்பது முக்கியம். நகர்வதால்தான் அது வீட்டை இடிக்கிறது, மரத்தைச் சாய்க்கிறது, சான்றுகளை விட்டுச்செல்கிறது.

பிரான்சின் ஆல்ப்ஸ் பகுதியில், மோன் பிளான் மலையடியில் ஷாமோனி பள்ளத்தாக்கு. அங்கே இறங்கி வருகிற மிகப் பெரிய பனியாற்றின் பெயர் மேர் த கிளாஸ், பனிக்கடல். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பள்ளத்தாக்கின் தரைவரை வந்துவிட்டது. லெ ஷாட்லார் என்கிற குடியிருப்பு அழிந்தது. ஷாமோனி அப்போது சவோய் கோமகன்களின் ஆட்சியில் இருந்தது. மக்கள் வரிக் குறைப்புக் கேட்டு மனு போட்டார்கள். நிலமே பனிக்கடியில் போனபின் வரி எதற்கு? 1616-ல் நிக்கொலா த கிரான் என்ற கணக்கு அதிகாரி நேரில் வந்து பார்த்து அறிக்கை எழுதினார். 1644-ல் ஆயர் ஷார்ல் த சால் ஏறக்குறைய முந்நூறு பேரோடு பவனியாகப் போய், லெ புவா கிராமத்தின் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்த பனியை மந்திரித்துவிட்டு வந்தார்.

லாதூரி இந்த ஆவணங்களைப் படிக்கிற விதம் அபாரமானது. பழைய ஓவியங்கள், பிற்காலப் பயணிகளின் குறிப்புகள், கிராமத்தின் பழைய எல்லைகள் எல்லாவற்றையும் தரையில் வைத்துப் பொருத்தி, 1600-களில் பனியின் நுனி எந்த இடத்தில் இருந்தது என்று ஒரு நில அளவையாளரைப் போல் குறிக்கிறார். சுவிட்சர்லாந்தின் அலேட்ஷ் பனியாற்றுப் பக்கம் போனால் ஓபர்ரீடெரின் என்றொரு பாசன வாய்க்கால். பனி முன்னேறி வந்து அதை அழித்த கதையை வைத்து 14ஆம் நூற்றாண்டுக்குப் போகிறார். இப்படித் துண்டு துண்டாக ஒரு பெரிய வடிவம் எழுகிறது: 16ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீண்டு கிடந்த ஒரு குளிர். ‘சிறு பனியுகம்’ என்று நாம் இன்று சாதாரணமாகப் புழங்குகிறோமே, வரலாற்று ஆவணங்களைக் கொண்டு அதற்கு உடம்பு கொடுத்த நூல்களில் இது முதல் வரிசையில் நிற்கிறது.

சரி, விதி எங்கே போயிற்று? மனிதனை வெளியே நிறுத்தியாயிற்று என்றவர் கையில் இருப்பதெல்லாம் மனு, வரிக்கணக்கு, பவனிக் குறிப்பு. மனு எழுதுகிறவனுக்கு ஒரு தேவை இருக்கிறது. வரி குறைய வேண்டும். பனி வாசலுக்கு வந்துவிட்டது என்று ஒரு முழம் கூட்டித்தான் எழுதுவான்; நானாக இருந்தாலும் எழுதுவேன். நம் ஊர்க் கல்வெட்டுகளோடு பழகியவர்களுக்கு இது புதிதே இல்லை: வரி இருக்கிற இடத்தில்தான் எழுத்து இருக்கும், இறையிலி கேட்கிற இடத்தில்தான் நிலத்தின் கதை வரும். லாதூரிக்கும் இது நன்றாகவே தெரியும். அதனால்தான் அதிகாரியின் நேரடிப் பார்வைக்கு அவர் கூடுதல் எடை தருகிறார். ஆனால் இன்னொரு சிக்கல் இருக்கிறது, அதற்கு அவரிடம் மருந்தில்லை. பனி ஒரு வீட்டைத் தொடும்வரை ஆவணம் பிறப்பதில்லை. வீடு இல்லாத இடத்தில் பனி நூறு முறை வந்துபோயிருந்தாலும் காகிதத்துக்கு அது நடக்கவே இல்லை.

அங்கேதான் மரம் வருகிறது.

*

மரவளையம் இந்த நூலில் இல்லாமல் இல்லை. நன்றாகவே இருக்கிறது. அரிசோனாவின் ஆண்ட்ரூ டக்ளஸ் கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: டக்ளஸ் ஒரு வானியலாளர். சூரியனின் கரும்புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகிற சுழற்சி மரத்துக்குள் பதிவாகியிருக்குமா என்று தேடப் போனார். வறண்ட மண்ணில் மழை நன்றாகப் பெய்த ஆண்டு வளையம் அகலம், பெய்யாத ஆண்டு குறுகல். இரண்டு குறுகல், ஓர் அகலம், மறுபடி மூன்று குறுகல் என்று வருகிற வரிசை கடைச் சாமானில் இருக்கிற கோட்டுக்குறி மாதிரி. உயிரோடிருக்கிற மரத்தின் உள்வளையங்களும் பழைய வீட்டு உத்தரத்தின் வெளிவளையங்களும் ஒரே வரிசையைக் காட்டினால் இரண்டையும் அடுக்கிப் பின்னோக்கிப் போகலாம். 1929 ஜூனில் ஷோ லோ என்ற ஊரில் கிடைத்த, HH-39 என்று எண்ணிடப்பட்ட கருகிய உத்தரத் துண்டு, அதுவரை ஒட்டாமல் கிடந்த இரண்டு நீள வரிசைகளை ஒட்டவைத்தது. பியூப்லோ இடிபாடுகளுக்கெல்லாம் ஒரே இரவில் ஆண்டு கிடைத்துவிட்டது. கரும்புள்ளி தேடிப்போனவர் தொல்லியலுக்கு நாள்காட்டி கொடுத்துவிட்டு வந்தார்.

(நம்மூர் வேம்பை அறுத்தால் இப்படித் தெளிவான வளையத்தை எதிர்பார்க்க முடியாது. குளிரோ வறட்சியோ வந்து மரத்தின் வளர்ச்சியை ஆண்டுதோறும் நிறுத்த வேண்டும். தேக்கு விதிவிலக்கு, கேரளத் தேக்கு வளையங்களை வைத்துப் பருவமழையை ஆராய்ந்திருக்கிறார்கள்.)

லாதூரி மரத்தைப் பயன்படுத்துவது இந்த டக்ளஸ் வழியில்தான். மரம் அவருக்கு ஒரு வெப்பமானி, இல்லையேல் மழைமானி. அரிசோனாவில் அது மழையைச் சொல்லும், வடதுருவ எல்லையிலும் உயர்மலையிலும் கோடையின் வெப்பத்தைச் சொல்லும், நடுவில் இருக்கிற மிதமான ஐரோப்பாவில் இரண்டையும் குழப்பிச் சொல்லும். அதனால் அவர் பிரான்சுக்கு வரும்போது மரத்தைவிட்டுத் திராட்சைக்கு மாறுகிறார். எந்த ஆண்டு எந்தத் தேதியில் அறுவடை தொடங்கியது என்பதற்கு ஊர்ப் பதிவுகள் இருக்கின்றன. வெயில் கொளுத்தினால் சீக்கிரம், குளிர்ந்தால் தாமதம். அங்கேயும் அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை. அறுவடை நீண்டகாலப் போக்கில் தள்ளிப் போனால் குளிர் என்று உடனே எழுதிவிடாமல், நல்ல ஒயினுக்காகப் பழம் இன்னும் கனியட்டும் என்று தோட்டக்காரர்களே தள்ளிப்போட்டிருக்கலாமே என்று நிறுத்துகிறார். இந்த நிறுத்தம்தான் எனக்குப் பிடித்த லாதூரி. எண்கள் நிறைந்த இந்தப் பக்கங்களில் கொட்டாவி வரும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு மனிதர் தன் கையை எங்கெல்லாம் பிடித்து இழுத்துக்கொள்கிறார் என்று கவனித்துப் படித்தால் துப்பறியும் கதையாக மாறிவிடும்.

அவர் பார்க்காமல் போனது மரத்தின் இன்னொரு வேலை. அல்லது, அவர் காலத்தில் அதற்கான கருவி முழுதாகக் கைகூடியிருக்கவில்லை. மரம் வாழ்ந்த ஆண்டுகளின் குளிரையும் வெயிலையும் சொல்வது ஒரு வேலை. எந்த ஆண்டு, எந்த இடத்தில், எதனால் செத்தது என்று சொல்வது வேறு வேலை. முன்னது வானிலை அறிக்கை. பின்னது மரண விசாரணை.

பனியாறு பெருக்கும்போது நீளத்தில் மட்டும் பெருப்பதில்லை; ஆற்றில் வெள்ளம் ஏறுகிற மாதிரி இரு பக்கமும் மேலே ஏறும். விளிம்பில் அது தள்ளிக்கொண்டு வருகிற கல்லும் மண்ணும் சேர்ந்து ஒரு கரையாகக் குவியும். சரிவில் நின்ற மரங்கள் அந்தக் குவியலுக்குள் நின்றவாக்கிலேயே புதைந்து சாகும். காற்றுப் புகாத மண்ணில் மரம் மட்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடக்கும். அடுத்த பெருக்கத்தில் அதன் மேல் இன்னொரு அடுக்கு. பிறகு பனி வற்றும்போது கரையின் உள்பக்கம் தாங்குவாரற்றுச் சரிந்து, மழைநீர் அரித்து, பழைய மரங்கள் வேரும் தண்டுமாக வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். கயிறு கட்டி இறங்கி, அறுத்துத் துண்டெடுத்து, வளையங்களை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குவரை அளந்து, உயிருள்ள மரங்களிலிருந்து பின்னோக்கிக் கட்டிய வரிசையோடு பொருத்தினால் ஆண்டு கிடைக்கும். பட்டை இருந்தால் அதிர்ஷ்டம். பட்டைக்கு அடியில் இருக்கிற கடைசி வளையம்தான் மரம் கண்ட கடைசிக் கோடை. பட்டை போய்விட்டால், கூடவே எத்தனை வெளிவளையங்கள் போயின என்று சொல்ல முடியாது. ‘இந்த ஆண்டுக்குப் பிறகு’ என்று மட்டும் எழுதலாம்.

ஒரு மரம் போதாது. அது பனிச்சரிவில் விழுந்திருக்கலாம், பூச்சி தின்றிருக்கலாம். கீழே நின்ற மரம் முதலில் சாக, சில ஆண்டுகள் கழித்து அதற்கு மேலே நின்றது சாக, பிறகு இன்னும் மேலே நின்றது சாக, அப்படி ஒரு படிக்கட்டு தெரிந்தால்தான் பனி ஏறியது உறுதி. எவ்வளவு வேகத்தில் ஏறியது என்பதும் அந்தப் படிகளிலிருந்தே கிடைத்துவிடும். உயிரோடு தப்பிய மரமும் பேசும்: பனி தள்ளிச் சாய்ந்த ஊசியிலை மரம் தன்னை நிமிர்த்திக்கொள்ளச் சரிவின் கீழ்ப்பக்கம் தடித்த வளையங்களைப் போடும். சாய்ந்த ஆண்டு எது என்று அங்கே இருக்கும்.

இந்த வழி லாதூரிக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. அலாஸ்காவில் டொனால்ட் லாரன்ஸ் 1950-லேயே மரவளையங்களைக் கொண்டு பனியாறுகளின் அண்மைக் காலப் பெருக்கத்துக்கும் பின்வாங்கலுக்கும் ஆண்டு கணிக்கும் முறையை எழுதிவிட்டார். அலேட்ஷில் கிடைத்த புதைமரங்கள் பற்றி லாதூரியே பேசுகிறார். ஆனால் அவர் கையில் இருந்தவை கதிரியக்கக் கரிமக் கணிப்புகள். அவற்றின் பிழைவரம்புக்குள் மூன்று தலைமுறை பிறந்து செத்துவிடும். மனுவில் தேதி இருந்தது, மரத்தில் நூற்றாண்டுதான் இருந்தது. ஆகவே மனுவே வென்றது.

பிறகு சுவிட்சர்லாந்தில் ஹான்ஸ்பேட்டர் ஹோல்ட்ஸ்ஹவுசர் அலேட்ஷ் பனியாற்றுக்கு மரங்களைக் கொண்டே நீண்ட வரலாறு எழுதினார். அந்தப் பனி 1370-ஐ ஒட்டி ஒருமுறை, 17ஆம் நூற்றாண்டில் ஒருமுறை, 1859-60-ஐ ஒட்டி ஒருமுறை உச்சம் தொட்டிருக்கிறது. லாதூரியின் சொந்த மைதானமான மேர் த கிளாஸிலேயே மெலேன் லெ ருவா (பெயர்ப் பொருத்தத்தைக் கவனியுங்கள்) தன் சக ஆய்வாளர்களோடு 2015-ல் வெளியிட்ட ஆய்வு, பக்கக் கரையில் புதைந்த செம்ப்ரா பைன் மரங்களைக் கொண்டு மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கிப் போகிறது. கிறிஸ்துவுக்கு முந்தைய இரண்டாம் ஆயிரத்தாண்டில் பெருக்கங்கள். கி.பி. 6ஆம் நூற்றாண்டில் ஒன்று. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் மறுபடியும். இடைக்காலத்தில் ஒரு பெருக்கம் இருந்தது என்று டிரோலின் சதுப்பு நிலச் சான்றையும் அலேட்ஷையும் வைத்து லாதூரி சரியாகவே ஊகித்திருந்தார். இப்போது அதற்கு நாள்காட்டி ஆண்டு கிடைத்திருக்கிறது.

இதனால் நூலின் வடிவமே மாறுகிறது என்பது என் வாசிப்பு. லாதூரியைப் படித்துவிட்டு எழுந்தால், அமைதியாக இருந்த ஒரு பள்ளத்தாக்குக்குள் 1600-ஐ ஒட்டித் திடீரென்று பனி புகுந்த சித்திரம்தான் மனதில் நிற்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆவணங்களின் அடர்த்தி அப்படிச் சொல்லவைக்கிறது. மரங்களைக் கேட்டால், பனி பலமுறை வந்துபோன இடம் அது என்கின்றன. அந்நியனாக வந்து புகுந்த பனி, பழைய வழியில் திரும்பி வந்த பனியாக ஆகிவிடுகிறது. இரண்டுக்கும் கதையின் தொனியே வேறு.

*

ஆனால் மரத்தைப் புனிதச் சாட்சியாக்குகிற ஆட்களோடும் நான் சேரமாட்டேன். மரத்துக்கு வரிச்சலுகை வேண்டாம், அதனால் பொய் சொல்லாது, சரி. எந்த மரம் நம் கைக்கு வந்து சேர்கிறது என்பதில் ஒரு சார்பு இருக்கிறதே? பெரிய பெருக்கம் தனக்கு முந்தைய சிறிய பெருக்கத்தின் சான்றுகளை அரைத்துத் தின்றுவிடும். பனி மரத்தின் எல்லைக்கு மேலேயே நின்றுவிட்ட காலங்களில் சாக ஒரு மரமும் இருக்காது. பின்வாங்கலுக்குச் சாட்சி அதைவிட மெலிவு: பனி விட்டுப்போன மண்ணில் முதல் விதை ஊன்றச் சில இடங்களில் ஒரு சில ஆண்டுகள், சில இடங்களில் பல பத்தாண்டுகள் ஆகும். அதனால் கரைமேல் நிற்கிற கிழட்டு மரத்தின் வயது, பனி குறைந்தபட்சம் எப்போது போனது என்பதை மட்டும் சொல்லும். காகிதம் வீடு இடிந்தால் எழுதுகிறது. மரம் தான் செத்தால் எழுதுகிறது. பனி வராமல் இருந்த நீண்ட நல்ல காலங்கள் இரண்டிலும் வெற்றிடம்.

கூடவே, பனியாறு கோடையின் வெப்பத்துக்கு மட்டும் கட்டுப்பட்டதில்லை. குளிர்காலப் பனிப்பொழிவும் கணக்கில் உண்டு. மலையுச்சியில் சேர்ந்த பனி நுனிவரை வந்துசேரக் காலமும் ஆகும். மரத்தின் அகலக் குறுகலைப் பார்த்து அதே ஆண்டில் பனியின் நீளத்தை எழுதிவிட முடியாது. சாவின் தேதியும் குளிரின் அளவும் தனித்தனிச் சான்றுகள். இரண்டையும் கலந்து ஒரே கோடாக வரைகிறவர்கள் உட்டர்ஸ்ட்ரோமின் வாலைத்தான் மறுபடி விழுங்குகிறார்கள்.

*

இப்போது என் உண்மையான சண்டைக்கு வருகிறேன்.

1616 அறிக்கையில் ஓர் இடம் இருக்கிறது. அதிகாரி லெ ஷாட்லாருக்குப் போகிறார். மிஞ்சிய வீடுகளில் பெரும்பாலானவை காலி. இரண்டில் மட்டும் சில ஏழைப் பெண்களும் குழந்தைகளும். அந்த வீடுகளும் அவர்களுடையவை அல்ல, வேறு யாருக்கோ சொந்தம். அறிக்கை அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. லாதூரியும் போய்விடுகிறார், அவருக்கு வேண்டியது பனிக்கும் வீட்டுக்கும் இடையே இருந்த தூரம்.

யார் அந்தப் பெண்கள்? சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன வீட்டில், தலைக்கு மேல் பனி முறிகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, ஏன் குடியிருந்தார்கள்? வேறு எங்கேயும் இடமில்லை என்பதாலா, வாடகை இல்லாத கூரை என்பதாலா? பனியால் எல்லோரும் ஒரே மாதிரி அழிவதில்லை. நிலம் உள்ளவன் மனு போடுகிறான், இல்லாதவள் அவன் விட்டுப்போன வீட்டில் நுழைகிறாள். மனிதனை வெளியே நிறுத்து என்கிற விதி, காரணச் சங்கிலியைத் தடுக்கப் போட்ட விதி, இந்தப் பெண்களையும் சேர்த்து வெளியே நிறுத்திவிட்டது.

இது அநியாயமான கேள்வி, அது வேறு வகை நூல் என்று சொல்லலாம். ஆனால் இதே மனிதர்தான் எட்டு வருடம் கழித்து, 1975-ல், ‘மோந்தாயு’ எழுதினார். 14ஆம் நூற்றாண்டில் ஆயர் ஜாக் பூர்னியே நடத்திய மத விசாரணைப் பதிவேட்டை எடுத்து, பைரனீஸ் மலைக் கிராமம் ஒன்றின் இடையர்களையும் பெண்களையும் பாதிரியையும் அவர்கள் வாயாலேயே பேசவைத்த நூல். பேன் பார்ப்பதிலிருந்து கடவுள்வரை அங்கே பேச்சு. விசாரணை ஆவணத்துக்கும் தேவை உண்டு, சார்பு உண்டு. அதைத் தாண்டிக் குரலைக் கேட்கும் காது அவரிடம் இருந்தது. ஷாமோனிக்கு அந்தக் காதை அவர் கொடுக்கவே இல்லை. 2004 முதல் 2009 வரை மூன்று பெரிய தொகுதிகளாக ‘தட்பவெப்பத்தின் மனித, ஒப்பீட்டு வரலாறு’ எழுதியபோது மனிதனைத் திரும்ப உள்ளே அழைத்தார். ஆனால் அங்கே வருகிற மனிதன் பெரும்பாலும் விளைச்சல், தானிய விலை, சாவு எண்ணிக்கை. இரண்டாம் தொகுதியின் தலைப்பே ‘பஞ்சங்களும் புரட்சிகளும்’. இளமையில் ஆங்கிலப் பதிப்பாளர் ஒட்டிய அட்டைக்கு முதுமையில் அவரே நடந்து போய்ச் சேர்ந்த மாதிரி எனக்குப் படுகிறது. தகவல் அதிகம், நிறுத்தம் குறைவு. 1967 நூலின் இறுக்கம்தான் மேல் என்பேன், அது அந்தப் பெண்களைக் கைவிட்டபோதும்.

ஏனென்றால் கைவிடுவது ஒரு விதத்தில் நேர்மை. இதே பனியாற்றுக்கு 1816-ல் வந்துபோன மேரி ஷெல்லி, இரண்டு வருடம் கழித்து வெளியான ‘பிராங்கென்ஸ்டைன்’ நாவலில் விக்டரும் அவன் படைத்த உயிரும் எதிர்ப்படுவதை இந்தப் பனிமேல்தான் வைத்தார். கம்பீரமான பின்னணி என்று நாம் படிக்கிற அந்தப் பனி அப்போது மறுபடி முன்னேறிக்கொண்டிருந்தது. 1820-களில் லெ புவா வீடுகளை நெருங்கிவிட்டது. நாவலில் கிராமத்துக்காரன் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. இலக்கியம் கைவிட்டபோது அதை யாரும் நேர்மை என்று சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

குரலையும் பனியையும் சேர்த்துக் கேட்க முடியுமா? ஜூலி குரூக்‌ஷாங்க் என்ற கனடிய மானிடவியலாளர் 2005-ல் ‘பனியாறுகள் கேட்குமா?’ என்ற நூலில் முயன்றார். அலாஸ்கா, யூக்கான் எல்லையில் செயின்ட் எலியாஸ் மலைத்தொடர். டிலிங்கிட், அதபாஸ்கன் மக்களின் மூத்த பெண்கள் சொன்ன கதைகள். அங்கே பனியாறு பேச்சைக் கேட்கும், அவமதித்தால் பாயும். அதன் அருகில் கொழுப்பு வறுக்கக் கூடாது, அந்த வாசம் அதற்கு ஆகாது. பனி ஆற்றை அணைகட்டியதும், அணை உடைந்து கீழே இருந்த குடியிருப்பை அடித்துக்கொண்டு போனதும் அந்தக் கதைகளில் இருக்கின்றன. பனி அணைகளும் பெருவெள்ளங்களும் அந்தப் பள்ளத்தாக்குகளில் நிலத்திலேயே தடம் விட்டிருக்கின்றன. குரூக்‌ஷாங்க் இங்கே ஒரு நல்ல காரியம் செய்கிறார்: அறிவியல் உறுதிசெய்ததால் கதை உண்மையாகிவிட்டது என்று கைதட்டுவதில்லை. கொழுப்பு வறுக்கும் வாசத்துக்கு மரவளையத்தில் இடமில்லை, அது இல்லாமல் கதையும் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்கிறார். லாதூரியிடம் ஆயரின் பவனி ஒரு தேதி. குரூக்‌ஷாங்க் கையில் கிடைத்திருந்தால் அது ஒரு பேச்சுவார்த்தையாக இருந்திருக்கும்.

அந்தப் பேச்சுவார்த்தை ஆல்ப்ஸிலும் முடியவில்லை என்பதுதான் வேடிக்கை. அலேட்ஷ் அடிவாரத்து ஃபீஷ் கிராம மக்கள் பனி வளரக் கூடாது என்று 1678-ல் ஒரு நேர்ச்சை செய்துகொண்டார்கள். தலைமுறை தலைமுறையாகப் பிரார்த்தித்தார்கள். 2009-ல் அந்த நேர்ச்சையைத் திருப்பிப்போட வத்திக்கானிடம் அனுமதி கேட்டார்கள், கிடைத்தது. இப்போது பனி சுருங்கக் கூடாது என்று வேண்டுகிறார்கள். லாதூரியின் முறைப்படி இதுவும் ஒரு தரவுதான்: 1678-ல் பனி கிட்டே இருந்தது, 2009-ல் தூரத்தில் இருக்கிறது. தவறில்லை. ஆனால் முந்நூறு வருடம் ஒன்றைப் போகச் சொல்லி வேண்டிய ஊர், அது போகத் தொடங்கியதும் இருக்கச் சொல்லி வேண்டுகிறது என்பதில் தூரத்தைத் தவிர இன்னும் ஏதோ இருக்கிறது. அதை எழுத மரமும் போதாது, மனுவும் போதாது.

மேர் த கிளாஸுக்கு இன்று போகிறவர்கள், பனிக்கு அருகிலேயே என்று நூறாண்டுக்கு முன் கட்டிய மோந்தவேர் ரயில் நிலையத்தில் இறங்கிக் கீழே பள்ளத்தைப் பார்க்கிறார்கள். பனி நூறு மீட்டருக்கும் மேல் தணிந்துவிட்டது. தணியத் தணியப் பக்கக் கரை சரிகிறது, புதைந்த பைன் மரங்கள் வெளியே வந்துகொண்டிருக்கின்றன. ஆய்வாளர்களுக்கு இது அறுவடைக்காலம், அதே சமயம் ஓட்டப்பந்தயம். காற்றும் ஈரமும் பட்ட மரம் மறுபடி மட்கத் தொடங்குகிறது. சரிவோடு உருண்டு போனால் எந்த உயரத்தில் நின்றது என்ற விவரமும் போய்விடுகிறது. முதலில் உதிர்வது பட்டை.